மாமாவின் அறையில் ஒரு சுவிட்ச்

அறையை விட்டு வெளியே வரும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது மாமா போட்ட சட்டம். அந்த வீட்டில் அவர் போட்ட ஒரே சட்டமும் அதுதான். மற்றவை எல்லாம் அத்தை போட்டவை.

செங்காங்கில் மாமா வாங்கியிருந்த வீட்டில், அங்குள்ள மற்ற வீடுகளைப் போலவே, கனத்த இரும்புக் கதவு வைத்த சின்ன அறை ஒன்று இருந்தது. போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டியது. அக்கம்பக்கத்தில் அதற்குள் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைத்திருந்தார்கள். மாமா கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அலுவலகங்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் லாரி ஓட்டியவர் அவர். புது இடத்துக்குப் போகிறவர்கள் பழைய கம்ப்யூட்டரைக் கூட்டிப் போவதில்லை. முதுகு புடைத்த மானிட்டர்களும், தகரத்தில் மழை பெய்வதுபோல் சத்தம் போடும் கீபோர்டுகளும் ஒவ்வொன்றாக மாமாவோடு லிஃப்டில் ஏறி வந்தன.

அந்த அறைச் சுவரில் பிளக் மாட்ட ஒரே ஓர் இடம், அதற்கு மேல் அந்தச் சுவிட்ச். அதிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன், அதிலிருந்து இன்னொன்று என்று தரை முழுக்க வயர் ஓடியது. சில அடாப்டர்கள் குண்டாக இருக்கும். ஒன்று உட்கார்ந்துவிட்டால் பக்கத்துத் துளை வீண். ஜப்பானிலிருந்து வந்த பெட்டிக்கு இங்குள்ள மின்சாரம் ஆகாது என்பதால் நடுவில் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். எது எதனுடையது என்று தெரிய மாமா கலர் டேப் சுற்றியிருந்தார். டேப்பில் ஐந்து கலர், பெட்டிகள் ஒன்பது. ஒருநாள் ஒரு மஞ்சளுக்குப் பதிலாக இன்னொரு மஞ்சளைச் செருகியதில் வீடு முழுக்க மீன் கருகிய வாடை அடித்தது. சட்டம் பிறந்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. ஜூன் விடுமுறை. அம்மா ஃபேரர் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்பாள். அத்தைக்குத் துணையாக இரு என்று என்னை மாமா வீட்டில் விட்டிருந்தாள். அத்தைக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்து, அது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நான் தூங்கிவிட்டதாக நினைத்து, எடை ஒரு கிலோகூட இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அத்தை மூன்று மணிக்கு ஒருமுறை மெஷின் வைத்துப் பால் எடுப்பாள். சின்னச் சின்னப் பைகளில் அடைத்து உறைய வைப்பாள். மாமா வேலை முடிந்து வந்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். சமையலறை ஃப்ரிட்ஜ் போதாமல், யாரிடமோ சின்ன ஃப்ரீசர் ஒன்றை வாங்கிவந்து கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் இடம் பண்ணி வைத்தார். அன்றன்று எடுப்பது சமையலறை ஃப்ரிட்ஜில் இருக்கும், மாலையில் மாமா வந்ததும்தான் ஃப்ரீசருக்குப் போகும். அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டர்களையும் தொடவில்லை, சுவர் சுவிட்சையும் அணைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலத் தாளை நான்தான் அவர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். உருகிய பாலை மறுபடி உறைய வைத்துக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அம்மாவும் மாமாவும் ஊரில் நாலைந்து வகுப்போடு நின்றவர்கள். எங்கள் வீட்டில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு மாலை மாமா வயர்களைக் காட்டி, தெரியாமல் யாராவது ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார்.

"எல்லாத்துக்கும் பேர் எழுதி ஒட்டிருடா. நம்ம வீட்ல எழுதத் தெரிஞ்சவன் நீதான் லா."

இரண்டு மணி நேரம் மண்டியிட்டு வேலை பார்த்தேன். ஒவ்வொரு வயரையும் நுனிவரை தடவிப்போய், எதனுடையது என்று பார்த்து, வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினேன். ஃப்ரீசர் பிளக்கில் மட்டும் சிவப்புப் பேனாவால், அணைக்காதே என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். எழுந்து நின்று ஒருமுறை அழகு பார்த்தேன். பிறகு, சட்டப்படி, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மறுபடி அழகு பார்க்கப் போனேன். ஃப்ரீசரின் பச்சை விளக்கு எரியவில்லை. மூடியைத் திறந்தேன். மேலே இருந்த பையை அழுத்தியதும் விரல் உள்ளே போனது. அடுத்ததும் அப்படியே. அடியில் இருந்தவற்றில் மட்டும் நடுவில் கொஞ்சம் கட்டி மிச்சம் இருந்தது.

சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. மோட்டார் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமத் தொடங்கியது.

அதன் பிறகு அன்றைய பகல் நகரவே இல்லை. அத்தை அறையில் மெஷின் சத்தம் வரும், நிற்கும். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும். நான் பூனைபோல் போய்ப் பையை அழுத்திப் பார்ப்பேன். பன்னிரண்டு மணிக்கு ஓரங்கள் கெட்டியாகியிருந்தன. மூன்று மணிக்கு விரல் உள்ளே போகவில்லை. ஐந்து மணிக்கு எல்லாம் கல். இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஆஸ்பத்திரித் தாளை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். அத்தை சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆறு மணிக்கு மாமா வந்தார். ஃப்ரீசரிலிருந்து ஆறு பைகளை எடுத்து ஐஸ் பெட்டியில் அடுக்கினார். மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே லிஃப்ட் வரை போனேன். கதவு திறந்தது.

"மாமா, அந்தப் பால் பாப்பாக்கு வேணாம்."

"ஏன்டா?"

"உருகி மறுபடி கட்டியாயிருச்சு. நேத்து நான்தான் சுவத்துல ஆஃப் பண்ணேன்."

மாமா ஒரு கால் லிஃப்டுக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாக நின்றார். கதவு அவர் மேல் இடித்து விலகியது, மறுபடி இடித்து விலகியது. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அத்தைகிட்ட நீயே சொல்லிருடா," என்றார். "எனக்கு வாய் வராது."

சொன்னேன். அத்தை மடியில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் முடிக்கும்வரை என்னையே பார்த்தாள். பிறகு மாமாவிடம், இன்று எடுத்தது சமையலறை ஃப்ரிட்ஜில் ஆறு பை இருக்கிறது, இன்றைக்கு அது போதும், கிளம்புங்கள் என்றாள். மாமா கிளம்பினார். அது போதுமானதாகவும் இருந்தது. அந்தப் பாப்பா இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், என் ஆங்கிலத்தைத் திருத்துகிறாள்.

மாமா போனதும் அத்தை ஃப்ரீசரில் மிச்சமிருந்ததை எல்லாம் கூடையில் அள்ளி, ஐஸ் பெட்டியிலிருந்து மாமா வெளியே எடுத்துவைத்திருந்த ஆறு பைகளையும் சேர்த்து, சமையலறைத் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி அதில் போட்டாள். கட்டி இளகியதும் கத்தரிக்கோலை எடுத்தாள். வெறும் பைகளை வாங்கிக் குப்பையில் போட நான் பக்கத்தில் நின்றேன். திட்டவில்லை என்பதால் எனக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

ஒவ்வொரு பையின் மேலும் பேனாவால் தேதியும் மணியும் எழுதியிருந்தாள். மூலையை வெட்டுவதற்கு முன்னால் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பி, மெதுவாக வாசித்தாள். ஒன்பதாம் தேதி, விடிகாலை நாலு. ஒன்பதாம் தேதி, ஏழு. ஒன்பதாம் தேதி, பத்து. வாசித்தபின் வெட்டி ஊற்றினாள். அடுத்ததை எடுத்தாள். முப்பத்தொரு பைகள் இருந்தன.

எதையாவது காப்பாற்ற முடியுமா என்று தேடுகிறாள் என நினைத்தேன். அந்தத் தாளை வாசித்தவன் என்ற முறையில் உண்மையைச் சொல்வது என் கடமை என்றும் நினைத்தேன்.

"தேதி பாக்க வேண்டாம் அத்தை. எல்லாமே கெட்டதுதான்."

"தெரியும்டா," என்றாள்.

சொல்லிவிட்டு அடுத்த பையை வெளிச்சத்தில் திருப்பினாள். பத்தாம் தேதி, விடிகாலை ஒன்று. தெரிந்த பிறகும் எதற்காக வாசிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. இப்படி ஒவ்வொன்றாக வாசித்தால் வேலை எப்போது முடியும் என்று, கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தேன்.