பாடாமல் நடத்திய பாடம்

வீட்டில் அவளுக்குப் பட்டத்து ராணி என்று பெயர். வைத்தவன் அண்ணன். முதலில் இயற்பியல் படித்தாள், நன்றாகத்தான் படித்தாள். முடித்த கையோடு இசைத் துறையில் போய்ச் சேர்ந்தாள். அதையும் முடித்துவிட்டு பி.எட். என்றதும், இரும்புக்கடை வைத்திருந்த அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இதுதான் கடைசி. இதுல கோட்டை விட்டே, பேசாம வந்து கல்லாவுல உட்காரணும், சொல்லிட்டேன்!"

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி அவளுக்காகவே காலியாகக் கிடந்தது. "சரிப்பா" என்றாள். கோட்டை விடுவோம் என்று அவள் நினைத்தால்தானே!

ஆனால் பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டாள். ஒலியைப் பற்றிய பாடம். சுருதியை விளக்க, வாயாலேயே பாடிக் காட்டினாள். அவ்வளவுதான், பிள்ளைகள் "இன்னொரு பாட்டு டீச்சர்!" என்று விடவில்லை, அவளுக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மணி அடித்தபோது பாடம் பாதியில் நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய பேராசிரியை பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்.

"இது வகுப்பா, கச்சேரியா? தேர்வு அன்னிக்கு ஒரு வரி பாடினே, நானே ஃபெயில் போட்டுடுவேன்!"

தேர்வன்று வேறு வகுப்பு, அதே பாடம். பேராசிரியைக்குப் பக்கத்தில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அவள் சின்னதும் பெரியதுமாக இரண்டு இசைக்கவைகளைத் தட்டினாள். "எது மேல் சுருதி?"

"சின்னதுதான் டீச்சர்!"

பெரியதை ஓங்கித் தட்டினாள். "இப்போ?"

"இப்போ பெருசு!" என்று வகுப்பே கட்சி மாறியது.

எங்கே இடிக்கிறது என்று அவளுக்கு உடனே புரிந்தது. இசை படிக்க வந்த முதல் வாரத்தில் அவளும் இப்படித்தான்; மேலே போ என்றால் கத்துவாள். ஒரே ஒரு தடவை பாடிக் காட்டிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. பேராசிரியை கண்ணாலேயே மிரட்டினார்.

"நான் பாட மாட்டேன். நீங்க பாடுங்க" என்றாள் பிள்ளைகளிடம். "குரல் கீழ இருக்கணும், ஆனா கூரை பறக்கணும்."

கூரை பறந்தது.

"இப்போ மேல போங்க. ஆனா பக்கத்து பெஞ்சுக்குக் கேட்கக் கூடாது."

மேலே போனார்கள், கூடவே கத்தினார்கள். சிரிப்பு வேறு. "மறுபடியும்" என்றாள், கொஞ்சமும் அசராமல். மறுபடியும், மறுபடியும். கடைசியில் வகுப்பு முழுக்க மெல்லிசாக ஒரு குரல் மேலே எழுந்து நின்றது. ஜன்னலோரத்து வாயாடி துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! மேல போறது வேற, கத்துறது வேற!"

"அதேதான்டி என் கண்ணு!" என்று கரும்பலகைக்குத் திரும்பி, மேலே போவது அதிர்வெண், கத்துவது வீச்சு என்று பெரிதாக எழுதினாள். திரும்பவும் இசைக்கவைகளைத் தட்டினாள். எப்படித் தட்டியும் ஒரு பிள்ளையும் ஏமாறவில்லை.

"பாட்டு வெச்சு நடத்துறாங்களே?" என்றார் தேர்வாளர்.

"அவ எங்க சார் பாடினா? பிள்ளைங்கதானே பாடினாங்க!" என்று பேராசிரியை சண்டைக்கே போய்விட்டார். தேர்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாஸ்தாம்மா, போ" என்றார்.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு போன் போட்டாள்.

"அப்பா, பாஸ்! அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாருங்க."

"நேத்தே ஆள் போட்டாச்சு" என்றார் அப்பா. "வியாபார நேரத்துல போன் பண்ணாதே, வை."

ஆனால் அவரும் வைக்கவில்லை.