கூடை வாய் உயரத்தில் ஒரு மாடம்

சின்னக் குளியலறை கட்டுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: எவ்வளவு குறுகின இடத்தைக் காட்டினாலும், "இதுக்குள்ள எல்லாம் வந்துருமில்ல?" என்றுதான் ஆட்கள் முதலில் கேட்பார்கள்.

நீங்களும் தினமும் முழங்கையைச் சுவரில் இடித்து, ஷாம்புப் போத்தலைக் கால்விரலில் போட்டுக்கொண்டு குளிக்கிறவர் என்றால் நாம் ஒரே கட்சி. என் வீட்டுக்காரர் செல்வம் மேசன் பாஸ், கொத்தனார். தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் லயத்துக் காம்பராக்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, பின்னால் குளிக்கிற அறை கட்டிக் கொடுக்கிறோம். கல் வைப்பது அவர். எது எங்கே இருக்க வேண்டும் என்று யோசிப்பது நான். இதற்கென்று படித்தவள் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை, அதிலும் கணக்கில் சுமார். இடுப்பில் மூன்று வயது மகளையும் கையில் அளவு நாடாவையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனதில் கற்றதுதான். அதில் பாதி, டயகமவில் பாக்கியம் அக்கா வீட்டில் கற்றது.

சாம்பல் கோடு

முதலில் நானுஓயாவில் ஒரு சார் வீடு. சாரும் அவர் மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். இடம் ஐந்தடிக்கு நாலடி. சார் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்: கை கழுவும் பேசின், அலுமாரி, வாஷிங் மெஷின், முடிந்தால் சின்னதாக ஒரு தொட்டி. அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து தரையில் ஐந்துக்கு நாலு கோடு போட்டேன். மெஷினுக்கு ஒரு ஸ்டூல், பேசினுக்கு ஒரு முக்காலி மேல் அண்டா. "இப்ப குளிங்க சார்" என்றேன்.

சார் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ரொம்பப் பொறுப்பாக உள்ளே போனார். வாளியில் தண்ணீர் எடுக்கக் குனிந்தார். பின்பக்கம் மெஷினில் இடித்தது. திடுக்கென்று நிமிர்ந்தார். தலை அண்டாவில் இடித்தது. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முன்சுவரில் முகத்துக்கு நேரே ஒரு ஒடுக்கமான தட்டு மட்டும் வைத்தோம். தரையில் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எனக்கு அதுதான் சட்டம்: சாமான் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். சார் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நல்லவேள தங்கச்சி, அண்டாவுல இடிச்சேன். கட்டி முடிச்சு இடிச்சிருந்தா எங்க டீச்சர் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிருப்பாங்க."

பத்தொன்பது நாள்

இந்தச் சட்டத்தோடுதான் டயகமவுக்குப் போனேன். பாக்கியம் அக்கா இருபத்தேழு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சீனி வியாதி கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். வீட்டுக்காரர் கொழும்பில் கடையொன்றில் வேலை, பெருநாளுக்குத்தான் வருவார். வீட்டில் இருப்பது மகள் ரேணுகா மட்டும். அவள்தான் அம்மாவைக் கையைப் பிடித்துப் படி இறக்கி ஊருக்குப் பொதுவான பீலித் தண்ணீருக்குக் கூட்டிப் போய், நாலு பேர் பார்க்கக் குளிப்பாட்டிவிடுவாள்.

ரேணுகாவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஹொஸ்டலில் தங்க வேண்டும். இன்னும் பத்தொன்பது நாள். "அம்மா தனியா மூணு நாள் குளிச்சுக் காட்டட்டும். அப்பத்தான் பெட்டி கட்டுவேன். இல்லாட்டி போக மாட்டேன்" என்று ஒரே பிடி. அக்கம்பக்கத்தில் யாராவது உதவ மாட்டார்களா என்று நான் கேட்டேன். பாக்கியம் அக்கா என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்: "சோறு கேக்க எனக்கு வெக்கமில்ல தங்கச்சி. முதுகு தேச்சு விடுன்னு இன்னொருத்திகிட்ட எப்புடிக் கேப்பேன்?"

லெட்சுமி அக்கா உள்ளே நின்றது

குசினிப் பின்சுவருக்கும் கழிவுநீர்க் கானுக்கும் நடுவில் கிடைத்தது நாலடிக்கு மூன்றரை. வழக்கம்போல சாம்பல் கோடு போட்டேன். போட்டு முடித்து நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது, கண் தெரியாத ஆளுக்குக் கோடு போட்டிருக்கிறேன் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா செருப்பைக் கழற்றினார். கால் பெருவிரலால் சாம்பலைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்து, நடுவில் நின்றார். "ரெண்டு தேயிலைச் செடிக்கு நடுவுல நிக்கிற எடம். இதுக்குள்ள நின்னு நான் மழையில சோறே தின்னுருக்கேன். குளிக்க மாட்டேனா?" என்றார். இடம் போதுமா என்று ராத்திரியெல்லாம் நான் கவலைப்பட்டது வீண்.

பிறகு சாமான் கணக்கு. உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு ஒரு சிமெண்டுத் திட்டு, அதன் வயிற்றுக்குள் வாளி. அடுப்பு மேடை உயரத்தில் குசினிச் சுவரில் ஒரு துவாரம். வெந்நீர்ப் பானையைத் தூக்க வேண்டாம், தள்ளினால் போதும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அடுத்த காம்பரா லெட்சுமி அக்கா கோட்டுக்குள் வந்து நின்றார். நல்ல உடம்பு. முன்னும் பின்னும் பார்த்தார், இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்: "ஏம்மா, நான் உள்ள நின்னுட்டா தண்ணி எங்க நிக்கும்?"

கண்ணுக்கு நேரே

பத்தாம் நாள் சுவர் எழும்பி, பூச்சும் முடிந்தது. திட்டில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே, முன்சுவருக்குள்ளேயே குழித்து அழகான மாடம் வைத்திருந்தோம். என் சட்டப்படி. தண்ணீர் இல்லாமல் ஒரு ஒத்திகை பார்த்தோம். அக்கா உட்கார்ந்தார். கையை நீட்டினார், மாடத்துக்கு எட்டவில்லை. எழும்பிக் குனிந்தார், நெற்றி சுவரில் முட்டியது. சவர்க்காரத்தை எடுத்தவருக்கு அதைத் திருப்பி வைக்க இடம் பிடிபடவில்லை. கை காற்றில் தடவிக்கொண்டே இருந்தது. ரேணுகா வெளியே போய் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா என்னைத் தேற்றுவதற்காக ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தார். அவர் கொழுந்து பறித்த மலை, அங்கே வரும் பன்றி என்று பேச்சு போனது. பேச்சு மும்முரத்தில் கையிலிருந்த சவர்க்காரத்தைத் தோளுக்கு மேலே பின்னால் கொண்டுபோய் விரலைத் தளர்த்தினார். சவர்க்காரம் பின்சுவரில் பட்டுத் திட்டில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். பேசிக்கொண்டே மறுபடியும் அதே தோள், அதே இடம். மூன்றாம் தடவையும். என் மகள் கைதட்டிச் சிரித்தாள். நான் அந்தக் கை போய் நின்ற இடத்தையே பார்த்தேன். சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்த ரேணுகா சொன்னாள்: "அம்மா, முதுகுல கொழுந்துக் கூடை இல்லம்மா!"

பூசின சுவர்

கூடை இல்லை, சரி. கூடை இருந்த இடம் இருக்கிறதுதானே? கொழுந்தைத் தோளுக்கு மேலால் போட்ட அக்கா அதை ஒரு நாளும் கண்ணால் தேடினதில்லையே!

"ஏங்க, பின்சுவத்த ஒடைக்கணும்" என்றேன். என் வீட்டுக்காரர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், கையைக் கூட எடுக்காமல் என்னைப் பார்த்தார். "ஈரம் காயல. இன்னைக்குத்தான் பூசுனேன்." "அதான் சொல்றேன், காயுறதுக்குள்ள ஒடைங்க." அவர் என்னைத் திட்டின திட்டை இங்கே எழுதவில்லை. மகள் படிக்கிற வயது வந்தால் இதை வாசிப்பாள்.

ரேணுகா பரணிலிருந்து அம்மாவின் பழைய கூடையை இறக்கினாள். அக்காவைத் திட்டில் உட்காரவைத்து, கயிற்றைத் தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டோம். அதன் வாய் எந்த உயரத்தில் நின்றதோ, அங்கே பின்சுவரில் கரித்துண்டால் கோடு போட்டேன். இடது தோளுக்கு ஒன்று, வலது தோளுக்கு ஒன்று, இரண்டு மாடம். மூன்று நாள் கழித்து மறுபடி ஒத்திகை. சவர்க்காரம், சீப்பு, எண்ணெய்ப் போத்தல், தேய்க்கிற நார். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். தலையை அசைக்காமல் இடது கை, வலது கை என்று மாறி மாறி எல்லாம் பின்னால் போய் மாடத்துக்குள் உட்கார்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று கூட விழவில்லை. என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்காவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போல. "என்ன அப்புடி அமைதியாயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருபத்தேழு வருசமா கொழுந்த திரும்பிப் பாத்துக்கிட்டா போட்டேன்?"

உப்பு டின்

இதையெல்லாம் வேலி பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். நான் பெரிய மனுஷி மாதிரி தோள், கூடை, மாடம் என்று விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அவர் இன்னும் வேலைக்குப் போகிறவர். மலையிலிருந்து நனைந்து வருகிற ஆளுக்குக் கதவுக்கு வெளியே, இடுப்பில் கட்டும் படங்குத் துணியைத் தொங்கவிட ஒரு பெரிய ஆணி, முழங்கால் உயரத்தில் உப்பு டின் வைக்க ஒரு தட்டு. மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாமாம்.

எத்தனை வீட்டில் அறை கட்டியிருக்கிறோம், இது எனக்குத் தோன்றவே இல்லை. ஏனம்மா உப்பை இவ்வளவு கீழே என்றால், காலைத் தூக்கி விரலிடுக்கில் ரத்தம் காய்ந்த இடத்தைக் காட்டினார்: "மொதல்ல உப்புப் போட்டு அட்டைய உதிர்க்கணும், அப்புறந்தாம்மா அழுக்கு."

கதவுக்கு வெளியே

பதினாறாம் நாள் தண்ணீர் வந்தது. ரேணுகா விடிந்ததிலிருந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அன்று அம்மா தடுமாறினால் பிறகு மூன்று நாளுக்கு இடமில்லை. அக்கா தானே வெந்நீர் காய்ச்சினார், பானையைத் துவாரத்தில் தள்ளினார், சுவரைத் தடவிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது. பீலியில் குளித்தே பழகின எங்கள் பெண்களுக்குக் கதவு என்பதே புதுசு என்று உங்களுக்குத் தெரியும்தானே.

வெளியே நாங்கள் நாலு பேர், என் மகளோடு ஐந்து. தண்ணீர்ச் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு 'டமார்' என்று ஏதோ விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ரேணுகா பாய்ந்து போய்க் கதவில் அடித்தாள். "அம்மா! அம்மா, கொண்டிய எடும்மா!" நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கதவை உடைக்கக் கடப்பாரையைத் தேடினார். அப்போது உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி, அடக்கி அடக்கி. லெட்சுமி அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "தண்ணி மொள்ற கோப்பதான் விழுந்துச்சு, கதவ தட்டாத புள்ள. பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான் மேல துணி இல்லாம குளிக்கிறேன், கொஞ்ச நேரம் குளிச்சுக்கிறேனே!"

மூன்று நாளும் அக்கா ஒருமணி நேரத்துக்குக் குறையாமல் குளித்தார், ரேணுகா பெட்டி கட்டிப் போய்ச் சேர்ந்தாள், ஊரெல்லாம் மாடம் வைத்த பாஸ் வீட்டில் மட்டும் ஷாம்புப் போத்தல் இன்றைக்கும் என் கால்விரலில்தான் விழுகிறது.