மூக்கு வழியாக மூளைக்கு

கிருமியைக் கொல்லச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏராளம். அதை ஊட்டி வளர்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். என்ன வேலை செய்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரே வரியில் சொல்ல முடியாமல் விழிக்கிற அத்தனை பேரும் என் கட்சி.

ஒரே தொழில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் மதியம் சாப்பிடும் வாழையிலைக் கடை முதலாளி, என்ன வேலை என்று ஒருநாள் கேட்டேவிட்டார். சொன்னேன்: மூளைக்கு ஒரு காவல் உண்டு, ரத்தத்தில் வரும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை அது உள்ளே விடாது. ஆனால் மூக்கின் உச்சியில், வாசனை அறியும் நரம்புகள் இருக்கும் இடத்தில், ஒரு குறுக்கு வழி இருக்கிறது. தீங்கில்லாத ஒரு கிருமியை மருந்து தயாரிக்கும்படி மாற்றி அங்கே குடிவைக்கப் பார்க்கிறோம். கிருமி மூக்கிலேயே தங்கிவிடும், மருந்து மட்டும் மேலே போகும்.

"என்ன கிருமி?" என்றார். தயிரை உறைய வைக்கிற கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்றேன். கையிலிருந்த தயிர் வாளியை ஒருமுறை பார்த்துவிட்டு, கேட்காமலே என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"அப்போ நீங்களும் நானும் ஒரே தொழில்தான்லா. என்னோடது கொஞ்சம் புளிக்கும், அவ்ளோதான்."

தைப்பூசத்தன்று ஐஸ்

எங்கள் கிருமி முதல்முறையாக மருந்தை ஒழுங்காகச் சுரந்த வாரத்தில் தைப்பூசம் வந்தது. அண்ணன் காவடி எடுத்திருந்தார். நான் பத்துமலைக் கூட்டத்துக்குள் இருந்தேன். அப்போது ஃபரீடாவிடமிருந்து போன். செராஸில் குடியிருக்கும் என் சக ஆய்வாளர் அவள். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று ஆய்வுக்கூடத்துக்குப் போனவள், குளிர்பெட்டி செத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறாள். கிருமித் தட்டுகள் எல்லாம் அதற்குள். விடுமுறை, மற்ற அறைகளுக்கெல்லாம் பூட்டு. அந்தக் கூட்டத்திலிருந்து நான் பறந்துதான் போக வேண்டும். அழுகை வந்துவிட்டது.

அவள் அழவில்லை. பாசாருக்கு ஓடி, மீன்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, இரண்டு பெட்டி நிறைய ஐஸ் வாங்கி வந்தாள். சாயங்காலம் திருநீற்றோடு நான் போய்ச் சேர்ந்தபோது, தட்டுகள் பிளாஸ்டிக் பைகளுக்குள் பத்திரமாக ஐஸில் இருந்தன. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மலாயில் சொன்னாள்:

"கொஞ்சம் மீன் வாடை அடிக்கும். மூக்குல குடியிருக்கப் போறதுதானே, பழகிக்கட்டும்."

குட் லா

அதே கிருமியை எலிகளின் மூக்கில் விட்டோம். கொஞ்ச காலம் கழித்துச் சோதித்தபோது, எலியின் மூளையில் எங்கள் மருந்து இருந்தது! நானும் ஃபரீடாவும் எங்கள் பேராசிரியர் அறைக்கு ஓடினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, கணினித் திரையில் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் அல்லாடுகிறவர்களுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்.

"குட் லா. இப்போ முதல்லேர்ந்து திரும்பச் செய்யுங்க."

கிள்ளானில் ஒரு கேள்வி

திரும்பச் செய்ததிலும் மருந்து போய்ச் சேர்ந்தது. அந்தத் தெம்பில், எங்கள் மருந்து யாருக்காகவோ அந்த நடுக்குவாத (பார்க்கின்சன்) நோயாளிகளின் கூட்டம் ஒன்றில் பேசக் கிள்ளானுக்குப் போனேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற லோரி டிரைவர் ஒருவர். அவருடைய தேநீர்க் கோப்பையை மனைவி பிடித்திருந்தார். நான் பேசி முடித்ததும் அந்த டிரைவர் கேட்டார்: "எனக்கு எப்பம்மா கிடைக்கும்?"

உள்ளதைச் சொன்னேன்: "இன்னும் எலியிலதான் பார்த்திருக்கோம், அங்கிள். மனுசனுக்கு ஒத்துக்குமான்னே தெரியாது. வருசக்கணக்காகும். உங்களுக்குக் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியல."

இங்கே வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன். அவர் மெல்ல எழுந்து வந்து, நடுங்கும் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொய் சொல்லாம சொன்னியே, அதுக்கே தேங்க்ஸ்மா. நீ போய் வேலையப் பாரு. என் மூக்கு எப்பவும் ரெடி."

இந்த வேலையில் இதுவரை நான் சம்பாதித்தது, கழுவிக் கழுவி வறண்டுபோன இரண்டு கைகளும், நன்றி சொல்லி மாளாத சில மனிதர்களும்தான்.