படுத்துப் பார்க்கும் நர்ஸ்

வந்த நர்ஸ் செருப்பைக் கழற்றினாள், கையைக் கழுவினாள், நோயாளியை மெல்லத் தூக்கி நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தாள். பிறகு அவருடைய கட்டிலில் தானே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

மூத்த மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவைக் கவனிக்க ஆள் கேட்டால், இன்னொரு நோயாளியை அனுப்பியிருக்கிறார்களே!

"பயப்படாதீங்க தம்பி, தூங்க வரல. இனிமே அப்பாவுக்கு உலகமே இதுதான். எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

கடைசி நாட்களில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் உத்தியோகம். கனத்த உடம்பு. அவள் ஏறினால் கட்டில் முனகும். நோயாளி முனகுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். ஒரு வீட்டில் படுத்த இடத்திலேயே குறட்டை விட்டுவிட்டாள் என்று வேண்டாதவர்கள் சொல்வதுண்டு. அவளும் மறுப்பதில்லை. "மெத்தை நல்ல மெத்தை. அதுவும் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே?"

படுத்தபடியே தீர்ப்புகள் வந்தன. பல்பு கண்ணைக் குத்துகிறது. மருந்து பாட்டில்களைப் பார்த்தால் மருந்துக்கடையில் குடியிருப்பது போலிருக்கிறது. "ஜன்னல் இருக்கு, பீரோ அதைக் காவல் காக்குது. தள்ளுங்க தம்பி." மூத்தவன் தள்ளினான்.

அந்த வீட்டின் கொள்கை எளிது: அப்பாவுக்கு எதுவும் தெரியக்கூடாது. டாக்டர் கைவிரித்த பிறகும், "அடுத்த மாசம் நடந்துடுவீங்கப்பா" என்று மூத்தவன் மருந்தோடு சேர்த்து வேளாவேளைக்குப் பொய்யையும் புகட்டி வந்தான். உண்மை பேசுவதற்கென்று தனியாகச் சமையலறை இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பார்கள். அவரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தொண்டையில் குழாய் போட்டாவது இழுத்துப் பிடிப்பது என்று முடிவானதும் அங்கேதான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, மாலையில் வரும்.

மருமகளும் மகளும் சமையலறைக்குள் நழுவினார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நர்ஸ் விரலை உயர்த்தினாள். தலையணையை ஒட்டிய சமையலறைச் சுவரில், பழைய குழாய் ஒன்று போயிருந்த ஓட்டை. அதில் காதை வைத்தாள்.

"'இந்தம்மா எழுந்திரிக்கிறதா இல்லையா, இதுக்கும் சேர்த்து உலை வைக்கணுமா'ன்னு உங்க வீட்டம்மா கேக்குறாங்க."

மூத்தவன் சமையலறைக் கதவைப் பார்த்தான்.

"'ஆம்புலன்ஸ் வந்தா, சும்மா ஸ்கேன் எடுக்கத்தான்னு அப்பாகிட்ட சொல்லிடலாம்'. இது உங்க தங்கச்சி."

அவன் அந்த ஓட்டையைப் பார்த்தான். 'தாங்கினா ஒரு வாரம்' என்று நேற்று அதே சுவரின் மறுபக்கம் சாய்ந்துகொண்டு சொன்னது அவனேதான். அப்பா பக்கம் திரும்பினான். அப்பா சங்கடத்தோடு சிரித்தார்.

"ஐயா, எத்தனை நாளா கேக்குது?"

"கட்டிலை இங்க போட்ட நாள்லேருந்தும்மா."

"ஏம்ப்பா சொல்லல?" மூத்தவன் கேட்டான்.

"பாடுபட்டு நடிக்கிறீங்க, கெடுப்பானேன்னு இருந்துட்டேன்டா. நீ பரவாயில்ல. மருமகதான் கொஞ்சம் கூடுதலாச் சிரிச்சிடுச்சு."

நர்ஸ் சிரிக்கவில்லை. "ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா? இங்கேயே இருந்தீங்கன்னா, வலியும் திணறலும் தெரியாம இருக்க மருந்து உண்டு. நான் வந்து பார்த்துக்குவேன்."

அதுவரை அந்த வீட்டில் யாருமே அவரிடம் கேட்டிராத கேள்வி. பெரியவர் மகனைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்: "இங்கேயே இருக்கேன்மா. குழாயெல்லாம் வேண்டாம்."

மூத்தவன் போனை எடுத்தான். வர வேண்டாம் என்று சொல்ல ஆம்புலன்ஸ்காரரின் எண்ணைத் தேடும்போதே அவன் கால்கள் பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் நடந்தன. நர்ஸ் படுத்தவாக்கிலேயே கையை நீட்டி, அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, அப்பாவுக்கு நேரெதிரே கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள்.