சமமாக இருந்தால் மட்டும்

எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மாரியூரில் அக்கா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நெட்வொர்க் கோடு எழுதிக்கொண்டிருந்தேன். படகில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து மீன் விவரம் அனுப்பலாம். ஆபத்து என்றால் சிவப்புப் பட்டனை அமுக்கலாம். கரையில் இருக்கும் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். முதல் பெட்டியை மச்சான், அதாவது அக்கா புருஷன், ஓட்டும் வள்ளத்தில் மாட்டினோம். வள்ளம் முதலாளியான சம்மாட்டிக்குச் சொந்தம்.

மாட்டிய அன்று பட்டனையும் சோதிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். கடலுக்குப் போகிற வள்ளத்தில் கரையிலேயே ஆபத்தைக் கூப்பிட்டுப் பார்க்கக் கூடாதாம். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். மீன் விவரத்தை மட்டும் பத்துத் தடவை அனுப்பினோம், பத்தும் வந்தது.

அந்த மாதமே இன்ஜின் நின்றுபோய் மச்சான் இரண்டு நாள் கடலில் மிதந்தார். வேறொரு வள்ளம் இழுத்துவந்தது. உதடெல்லாம் வெடித்திருந்தது. அவர் வாங்கிய செம்புத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதற்குள் நான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

“ரெண்டு தடவ அமுக்குனேன் மாப்ள.”

“ஒரு பட்டன அமுக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு மச்சான் வள்ளம்?”

சம்மாட்டி பக்கத்தில்தான் நின்றார். மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொண்டார். மச்சான் உப்பளத்துக்குப் போனார். ஊரில் அவரைப் பார்த்தால் கட்டைவிரலை அமுக்கிக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்க இப்போது ஒன்றுமில்லை.

சில வாரம் கழித்து, சிறிய பாக்கெட்டுகள், அதாவது செய்திப் பொட்டலங்கள், தொலைகின்றன என்று கம்பெனியிலிருந்து புகார் வந்தது. நான் எழுதிய கோடைத் திறந்தேன். பாக்கெட் தன் நீளம் இவ்வளவு என்று தானே சொல்லும். வந்த நீளம் அதைவிடக் குறைந்தால் தூக்கிப்போட வேண்டும். நான் சமமாக இல்லாவிட்டாலே தூக்கிப்போடு என்று எழுதியிருந்தேன். மிகச் சிறிய பாக்கெட்டின் பின்னால் நெட்வொர்க் கார்டு வெறும் பூஜ்ஜியங்களைத் திணித்து நீளமாக்கித்தான் அனுப்பும், சொன்ன நீளமும் வந்த நீளமும் சமமாகாது. அது எனக்குத் தெரியும், படித்தவன். மீன் விவரம் நீளமானது, தப்பித்தது. அந்தப் பெட்டி அனுப்புவதிலேயே சிறியது ஆபத்துச் செய்திதான்.

தூக்கிப்போட்டவற்றின் எண்ணிக்கை தனியாகப் பதிவாகும். அந்த இரண்டு நாளுக்குரியதைப் பார்த்தேன். இரண்டு.

ஒரு குறியை மாற்றினேன், சரியாகிவிட்டது. கீழே இறங்கினேன். அக்கா மச்சானின் உப்பு அரித்த குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பெட்டி மேல்தான் தப்பு என்றேன். மச்சான் நிமிர்ந்து பார்த்தார். என் தப்பு என்று சொல்லத்தான் வந்தேன்.

“அன்னிக்கு நீ அமுக்க விட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்க்கா.”

மாடியில் என் மேசையிலேயே எத்தனை சின்னப் பாக்கெட் வேண்டுமானாலும் அனுப்பிப் பார்த்திருக்கலாம். அங்கே யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

அக்காவின் கை குதிகாலிலேயே நின்றுவிட்டது.

“அப்ப நாந்தானா தம்பி?”

ஆமாம் என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்தேன்.