வராதவரை அழைப்பவர்

தேநீர் ஆறிக்கொண்டிருக்க, தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி, வராத நோயாளியின் வீட்டை அழைத்துக்கொண்டிருக்கிறார் அந்த மருத்துவமனையின் மனநல ஆலோசகர். அன்றாடம் அவருக்கு முதல் வேலை இதுதான். வந்தவர்களை அதன் பிறகே பார்ப்பார். உடன் பணிபுரிவோர் சூட்டிய ‘விடாக்கண்டி’ என்னும் பெயர் அவர் செவிக்கும் எட்டியிருக்கிறது. மறுத்ததில்லை.

இன்றோடு இருமுறை வராதவர் ஒரு பேருந்து ஓட்டுநர். கவிழ்ந்த வண்டியிலிருந்து உடல் மீண்டது, நெஞ்சு மீளவில்லை. கண்ணாடிக் குவளை உடைந்தாலும் மேசைக்கடியில் பதுங்குவார். நடந்ததை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்வதே அவருக்கான சிகிச்சை. சொல்லச் சொல்ல அச்சம் தேயும். ஆயினும் சொன்ன அன்று உறக்கம் வராது. அதைக் காணப் பொறாத மனைவி, சிகிச்சை நாளை அவருக்கு நினைவூட்டாமலே இருந்துவிட்டார்.

“அங்க வந்துட்டுப் போனாலே அழறாருக்கா. மறந்துட்டு நிம்மதியா இருக்கட்டுமே.”

“அவர் மறக்கலம்மா, ஒளிஞ்சுக்கிட்டிருக்கார். புண்ணைக் கழுவினா எரியத்தான் செய்யும். எரியுதேன்னு அழுக்கோட கட்டிவைப்பியா?”

எப்படியாவது இன்றே அழைத்துவருவதாகச் சொன்னார் மனைவி.

அதற்குள் மேலாளர் ஓட்டுநரின் பெயரை நீக்கி, அவருக்குரிய அறையையும் வேறொருவருக்குத் தந்துவிட்டார். இருமுறை வராதவருக்கு இடமில்லை என்பது விதியாம். நோயின் குறியையே நோயாளியின் குற்றமாக்கும் விதி! எழுதியவர் எந்நாளேனும் எதற்கேனும் அஞ்சியிருப்பாரா?

“அவருக்கே அக்கறை இல்ல. நீங்க ஏன் மேடம் கிடந்து அடிச்சுக்கிறீங்க?” என்றார் மேலாளர், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஆலோசகர் குரலை உயர்த்துவதில்லை. சினம் மிகும்போது அது இன்னும் தாழும். “வராம இருக்கிறதுதான் சார் இந்த நோயே. உடம்பு சுடுதுன்னு காய்ச்சக்காரனை வெளிய தள்ளுவீங்களா?”

அறை வேண்டுமானால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

சன்னலுக்குக் கீழே, வாயிற்கம்பியைப் பற்றியபடி ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். மனைவி எவ்வளவோ கெஞ்சியும் படியேறவில்லை, திரும்பிப் போகவுமில்லை. இன்று போனால் இனி வரமாட்டார் என்பதை ஆலோசகர் அறிவார்.

மேலாளரின் எதிரே விருந்தினருக்கென இரண்டு நாற்காலிகள் கிடந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கைக்கொன்றாய் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஆலோசகர் படியிறங்கினார்.