மூன்றாம் பிரதி

கார் பட்டறைக்காரர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தபோது என் பெருவிரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. இந்தக் காலத்திலும் கார்பன் தாள் வைத்து எழுதும் மனிதர் ஈப்போவில் ஒருவராவது இருக்கிறாரே என்று விரலை மோந்து பார்த்தேன். மெழுகும் மையும் கலந்த அதே வாடை. "என்னக்கா, கை கழுவ சாபூன் வேணுமா?" என்றார். வேண்டாம் என்றேன். கழுவ மனம் வரவில்லை.

அந்த வாடை என்றால் எனக்கு யூசுப்பின் அத்தா நடத்திய கடையின் மாடிதான். எண்பதுகளின் தொடக்கம். கீழே சாப்பாட்டுக்கடை, மேலே அரிசி மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவே நான், யூசுப், பார்வதி என்று நாங்கள் மூன்று பேர். கோலாலம்பூரில் பல்கலைக்கழக முதலாண்டு படித்து, மூவரும் ஒற்றுமையாகப் பொருளியலில் தோற்று ஊர் வந்திருந்தோம். நீண்ட விடுமுறையின் முடிவில் மறுதேர்வு. அதிலும் போனால் படிப்பு போச்சு. இரண்டு பெண்பிள்ளைகள் மேலே இருப்பதால் அத்தா மாடிக் கதவை மூடவே விடமாட்டார். மீன் குழம்பு வாசனையோடுதான் பொருளியல் எங்களுக்குள் போனது.

எங்கள் சிக்கல் என்னவென்றால், புத்தகம் ஆங்கிலத்தில், தேர்வு மலாயில், மண்டையில் ஏறுவதோ தமிழில். ஆகவே வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். டவுனில் வளர்ந்த யூசுப் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பான். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்த நான் அதைத் தமிழில் உடைத்துச் சொல்வேன். பாகான் டத்தோவில் மலாய்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த பார்வதி அதை மலாயில் எழுதுவாள். இரண்டு கார்பன் வைத்து, பேனாவை அழுத்தி, ஒரே எழுத்தில் மூன்று பிரதி.

யாருக்கு எது என்றும் அவளே பிரித்தாள். முதல் பிரதி எனக்கு, அடுத்தது யூசுப்புக்கு, மங்கலான அடிப்பிரதி தனக்கு.

"உனக்குக் கண்ணு தெரியுதா இதுல?" என்று யூசுப் கேட்டான்.

"நான் எழுதனதுதானலா. கண்ண மூடினாக்கூட தெரியும்."

நாங்களும் நம்பிவிட்டோம். நம்புவது வசதியாக இருந்தது.

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். இப்போதும் குறையவில்லை என்பார் என் வீட்டுக்காரர். ஒன்றையே மேலும் மேலும் அனுபவித்தால் திருப்தி குறையும், அதனால் விலையும் இறங்கும் என்ற பாடத்துக்கு, கீழே கல்லில் வேகும் ரொட்டி சானாயை எடுத்துக்கொண்டேன். முதல் ரொட்டி அமிர்தம், ஐந்தாவது ரொட்டி தண்டனை. யூசுப் விழுந்து விழுந்து சிரித்தான். எப்போதும் குனிந்தே எழுதும் பார்வதி அன்று பேனாவை நிறுத்தினாள்.

"இரு, அஞ்சாவது ரொட்டி புடிக்கலன்னா வெல ஏன் எறங்கணும்?"

நான் நல்ல வேகத்தில் இருந்தேன். "மொதல்ல எழுதுலா. கேள்வியெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்."

கடைசி என்ற ஒன்று எந்த நாளும் வரவில்லை. பாகான் டத்தோ தூரம். நான்கு மணிப் பேருந்துக்கு அவள் ஓடிவிடுவாள்.

மறுதேர்வில் நானும் யூசுப்பும் தப்பித்தோம். பார்வதி தப்பவில்லை. எங்களைக் கரையேற்றிய மலாய் வாக்கியங்கள் எல்லாம் அவளுடையவை. கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டதும் அவளுக்குக் கை ஓடவில்லையாம். நான் கோலாலம்பூருக்குத் திரும்பக் கிளம்பிய அன்று ஈப்போ பேருந்து நிலையத்துக்கு வந்து, தன் தாள்கட்டை என் கையில் வைத்தாள். அழக்கூட இல்லை.

"இனி எனக்கு எதுக்கு? அடுத்த வருசம் வர்ற பிள்ளைங்களுக்குக் குடு."

தஞ்சோங் மாலிம் தாண்டிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். பல பக்கங்களில் எழுத்து இருந்த இடமே தெரியவில்லை. ஓரத்தில் பென்சிலால், தமிழில், சின்னதாக: கேக்கணும். அடுத்த பக்கத்தில்: இதையும் கேக்கணும். ரொட்டிப் பாடத்தில் ஆரம்பித்து, பக்கத்துக்குப் பக்கம். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூர் வரை அழுதேன்.

மீதி ஆண்டுகள் நூலக மூலையில் தனியாகவே படித்தேன். யூசுப் வேறு துறைக்கு மாறிவிட்டான். கூட்டாகப் படிக்கலாம் என்று பிறர் கூப்பிட்டால் தலைவலி என்றுவிடுவேன். அவளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். எழுத வேண்டியதை எழுதக் கூச்சப்பட்டு, மழையையும் உடம்பையும் விசாரித்தேன். பதில் வரவில்லை.

அந்தக் கடை இப்போது தங்கும் விடுதி. பாகான் டத்தோவில் அவர்கள் இருந்த தோட்ட வீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று சொல்லக்கூட யாருமில்லை. இன்று பட்டறையிலிருந்து வந்ததும் அந்தத் தாள்கட்டை எடுத்தேன். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கவே இல்லை. கார்பன் நீலம் முழுக்கப் போய், வெறும் தாளாகிவிட்டது. பென்சில் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

ஐந்தாவது ரொட்டிக்கு விலை ஏன் இறங்க வேண்டும் என்று இப்போது என்னால் நிதானமாகச் சொல்ல முடியும். கேட்கத்தான் அவள் இல்லை.